குரியாக்கோஸ் என்றொரு பையன்



பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் கேட்டு வரும் பெற்றோர் இப்போதெல்லாம் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள். "யாருக்கும் இல்லாத பேரா வேணும் ஃபாதர். கிரேக்கப் பேரா இருந்தா நல்லது" என்கிறார்கள். எண்கணிதக்காரர் சொன்ன எழுத்தில் தொடங்க வேண்டும், வகுப்பில் இன்னொரு பையனுக்கு இருக்கக் கூடாது, வெளிநாட்டுக்காரன் வாயிலும் நுழைய வேண்டும். நிபந்தனைகள் கொஞ்சமல்ல! 1917-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் சொல்லாவிட்டால் குருவே ஒரு புனிதரின் பெயரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்வளவு கண்டிப்பு கிடையாது. கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு 855-ஆவது விதி நிறுத்திக்கொள்கிறது. அதனால் நானும் யாரையும் மறிப்பதில்லை.

ஆனால் அபூர்வமான கிரேக்கப் பெயரை இணையத்தில் துழாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டா அப்படித் தேடுவது? எறணாகுளத்தில் கோட்டயம் பஸ் ஏறி "குரியாக்கோஸ்" என்று குரல் கொடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று பேராவது திரும்புவார்கள். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ அந்தப் பெயரில் ஒருவரைப் பார்ப்பது அரிது. இங்கே அது பாட்டன் பெயர். இன்று ஜனவரி 3, புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறாவின் திருநாள். ஆகவே இன்றைக்கு அந்தப் பெயரையே மறையுரைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

கிரேக்கத்தில் கிரியோஸ் என்றால் ஆண்டவர். கிரியாக்கோஸ் என்றால் ஆண்டவருக்கு உரியவர். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் ஆண்டவரின் திருவிருந்தைச் சொல்லும் இடத்திலும், திருவெளிப்பாட்டில் யோவான் ஆண்டவரின் நாளைச் சொல்லும் இடத்திலும் இதே சொல்தான் வருகிறது. கிரேக்கர் ஞாயிற்றுக்கிழமையை இன்றும் கிரியாக்கி என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டவரின் நாள், ஆண்டவரின் விருந்து, ஆண்டவரின் பிள்ளை என்று மூன்றுக்கும் ஒரே சொல்.

சுரியானி வழிபாட்டு மொழி வழியாக அது மலையாளக் கரைக்கு வந்து குரியாக்கோஸ் ஆனது, வீட்டில் குரியன், குரியச்சன் என்று சுருங்கியது. இப்படி வந்த பெயர்கள் நிறைய. பத்ரோஸ், பீலிப்போஸ், எஸ்தப்பான் எல்லாம் கிரேக்கம். சாண்டி என்பதுகூட அலெக்சாண்டர்தான். அமுல் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். வர்கீஸ் என்பது ஜார்ஜியோஸ், உழவன் என்று பொருள். குரியன் என்பது குரியாக்கோஸ். உழவர் வீட்டுப் பாலுக்கு விலை வாங்கித் தந்தவருக்கு அப்படிப் பெயர் அமைந்திருக்கிறது. கிரேக்க நாட்டிலும் பெயர் வழக்கொழியவில்லை. 2019-இல் அங்கே பிரதமரானவர் கிரியாக்கோஸ் மிட்சோடாக்கிஸ்.

சரி, முதன்முதலில் இந்தப் பெயரைப் புகழ்பெறச் செய்தவர் யார்? ஒரு மூன்று வயதுப் பையன். தியோக்ளேசியன் காலத்துத் துன்புறுத்தலின்போது, 304-ஆம் ஆண்டையொட்டி, இக்கோனியத்தைச் சேர்ந்த யூலித்தா என்ற கைம்பெண் மகனைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடுகிறாள். பவுல் பிறந்த தர்சு நகரில் பிடிபடுகிறாள். அவளை அடிக்கும்போது ஆளுநர் பையனை மடியில் வைத்துக் கொஞ்சப் பார்க்கிறான். பையன் அவன் முகத்தைப் பிறாண்டிவிட்டு, அம்மா எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம் என்கிறான். ஆளுநர் அவனைப் படிக்கட்டில் வீசிக் கொல்கிறான். மரபு இப்படிச் சொல்கிறது. இதன் பழைய எழுத்து வடிவங்களில் மிகைப்படுத்தல் ஏராளம். திருத்தந்தை கெலாசியுஸ் பெயரில் வழங்கும் பழைய பட்டியல் அவற்றைத் தள்ளுபடி நூல்களோடு சேர்த்துவிட்டது. அவற்றில் ஓர் இடம் எனக்கும் ஒப்பவில்லை. மகன் இறந்ததும் யூலித்தா அழாமல் நன்றி சொன்னாளாம். பெற்றவள் அழுதால் புனிதம் குறைந்துவிடுமா என்ன? மரியா சிலுவையடியில் நின்றவர்தானே.

ஆனாலும் மக்கள் அந்தப் பையனை விடவில்லை. பிரான்சில் அவன் பெயர் சீர் ஆனது, இத்தாலியில் குவிரிக்கோ ஆனது, அவன் பெயரில் ஊர்கள் எழுந்தன. இங்கே சுரியானிச் சபையார் ஜூலை 15-இல் தாயையும் மகனையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1653 ஜனவரி 3. இதே தேதி, இதே மட்டாஞ்சேரி. மேற்கு ஆசியாவிலிருந்து வந்த அகத்தல்லா என்ற ஆயர் மயிலாப்பூரில் போர்த்துகீசியரின் காவலில் இருந்தார். தோமாவின் கல்லறைக்கு யாத்திரை போன மலையாளக் கிறிஸ்தவர்கள் அவரை அங்கே சந்தித்துச் செய்தி கொண்டுவந்தார்கள். அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோது, பார்க்க விடுங்கள் என்று மக்கள் திரண்டார்கள். விடவில்லை. கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. கொதித்துப்போன மக்கள் இங்கே ஒரு சிலுவையில் கயிறு கட்டி, எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள் என்பது மரபு. கூனன் குரிசுச் சத்தியம் அதுதான். அந்த நினைவைச் சுமக்கும் கூனன் குரிசுப் பள்ளி என்ற தேவாலயம் இன்றும் மட்டாஞ்சேரியில் இருக்கிறது.

அன்று சொன்ன வாசகம் எது, யாருக்கு எதிராகச் சொன்னது என்று சபைகள் இன்றுவரை வாதிடுகின்றன. அந்த வழக்கைப் பீடத்திலிருந்து தீர்க்க நான் வரவில்லை. நாங்கள் யாருக்கு உரியவர்கள் என்ற கேள்வி அன்று எழுந்தது. அதற்கு மக்கள் கோபத்தில் பதில் சொன்னார்கள், அதிகாரம் செருக்கில் பதில் சொன்னது. அதன் பிறகு தேவாலயங்கள் பிரிந்தன, கல்லறைகள் பிரிந்தன, சொத்து வழக்குகள் இன்னும் நடக்கின்றன. குரியாக்கோஸ் என்ற பெயர் மட்டும் பிரியவில்லை. கத்தோலிக்கர், யாக்கோபாயர், ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா, எல்லா வீட்டிலும் ஒரு குரியன் உண்டு. ஆண்டவருக்கு உரியவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டே ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடுகிறோம்!

1871-இல் அதே ஜனவரி 3-ஆம் நாள் கூனம்மாவில் ஒரு குரியாக்கோஸ் கண்மூடினார். குட்டநாட்டுக் கைனகரியில் 1805 பிப்ரவரி 10-இல் பிறந்தவர். அப்பா பெயரும் குரியாக்கோஸ். அதே ஆண்டு செப்டம்பர் 8-இல், மாதாவின் பிறந்தநாளன்று, அம்மா மரியம் பிள்ளையை வெச்சூர்த் தேவாலயத்துக்கு எடுத்துப்போய், இவன் உனக்கு என்று மாதாவிடம் ஒப்படைத்தாள்.

நாமும் வேளாங்கண்ணிக்குப் போய் ஒப்புக்கொடுக்கிறோம். திரும்பும் பஸ்ஸிலேயே பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இவன் எஞ்சினியர் ஆவான், இவன் கடையைப் பார்த்துக்கொள்வான், இவள் அத்தை மகனைக் கட்டிக்கொள்வாள் என்று முடிவாகிவிடும். சாவறாவின் வாழ்விலும் அந்த நெருக்கடி வந்தது. அவர் குருமடத்தில் இருக்கும்போது தொற்றுநோயில் பெற்றோரும் ஒரே அண்ணனும் இறந்தார்கள். குடும்பத்துக்கு ஆண் துணையில்லை, திரும்பி வா என்றார்கள் உறவினர்கள். அவர் வீட்டைத் தமக்கையிடமும் அவர் கணவரிடமும் ஒப்படைக்க ஏற்பாடு செய்துவிட்டுப் படிப்புக்குத் திரும்பினார். 1829-இல் அர்த்துங்கலில் குருவானார். 1831-இல் மான்னானத்தில் துறவற சபைக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரானார். 1846-இல் அங்கே அச்சகமும் சமஸ்கிருதப் பள்ளியும் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் படிக்க உட்கார வைத்தார், மதியம் சோறு போட்டார். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துவைக்கும் பிடியரி வழக்கம் அந்தச் சோற்றுக்குக் கைகொடுத்தது.

1868-இல் தம் ஊர்க்காரர்களுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று உண்டு. ஒரு நல்ல அப்பனின் சாவருள், அதாவது இறுதி வாக்கு, என்று பெயர். பிள்ளைகள் கடவுள் உங்களிடம் நம்பிக் கொடுத்துவைத்த செல்வம், தீர்ப்பு நாளில் திருப்பிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதில் அவர் பெற்றோருக்குச் சொன்ன சேதி. பிள்ளையே இல்லாத மனிதர் இதை எழுதியிருக்கிறார்.

பெயர் தேடும் பெற்றோரே, அபூர்வமான பெயர் வையுங்கள், கோபமில்லை. பெயர்தான் அபூர்வம், பிள்ளை நமக்கே சொந்தம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். பிழைப்புத் தேடி இங்கே வந்து தங்கிய நம் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்போடு பையனை நிறுத்திக் கடையில் விடுவதும், தம்பியைப் பார்த்துக்கொள்ள மகளை வீட்டில் இருத்துவதும் இன்னும் நடக்கிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், திருப்பலி முடிந்ததும் சாக்ரிஸ்திக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். பெற்றோரைக் குறைசொல்ல நான் போகமாட்டேன். ஜூனில் பள்ளி திறக்குமுன் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வழி பார்ப்போம்.