ஆட்டமா? அடியா?

இருபொருள்படப் பாடுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதிதன்று. காளமேகப் புலவர் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடக்கிக் காட்டினார். அத்தகைய சிலேடையில் இரு பொருளையும் தனித்தனியே பிரித்தெடுத்துச் சுவைக்கலாம். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால், ஒன்றை ஏற்றால் மற்றதை மறுத்தே தீரவேண்டும் என்று தோன்றும் இருபொருளும் உண்டு. அத்தகைய கவிதையின்முன் வாசகர் வெறும் சுவைஞராக இருக்க இயலாது; நீதிபதியின் இருக்கையில் அமர்த்தப்படுகிறார்.

அமெரிக்கக் கவிஞர் தியோடர் ரெட்கி எழுதிய ‘என் அப்பாவின் வால்ட்ஸ்’ என்னும் 16 அடிக் கவிதை இவ்வகையைச் சார்ந்தது. 1942இல் வெளிவந்து, 1948இல் ‘தொலைந்த மகனும் பிற கவிதைகளும்’ என்னும் அவருடைய நூலில் இடம்பெற்றது. விஸ்கி அருந்திய தந்தை சிறுவனான மகனைப் பற்றிக்கொண்டு சமையலறையில் சுழன்றாடுகிறார். பாத்திரங்கள் சரிகின்றன. தாய் முகஞ்சுளிக்கிறாள். தந்தையின் சட்டையைப் பற்றியபடியே மகன் படுக்கைக்குச் செல்கிறான். நிகழ்ச்சி இவ்வளவே.

இதனைக் களிப்பின் நினைவாகக் கொள்வோர் ஒரு சாரார். அடிபட்ட பிள்ளையின் மறைமுக வாக்குமூலமாகக் கொள்வோர் மற்றொரு சாரார். இரு சாராருக்கும் சான்று கவிதையிலேயே உண்டு. அடிக்கு மூன்று அழுத்தமாக வரும் ஓசை, வால்ட்ஸ் நடனத்தின் மூன்று தட்டுக்கு இசைந்து துள்ளுகிறது. அதன்மேல் ஏறிவரும் சொற்களோ காயத்தையும் சாவையும் நினைவூட்டுவன. தாளம் தட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அடித்தலையும் குறிக்கும். அத்தாளம் விழுமிடம் பிள்ளையின் தலை. (காலடி, செய்யுளடி, கையால் அடிக்கும் அடி என மூன்றையும் ஒரு சொல்லில் வைத்திருக்கும் நமக்கு இது விளங்காததன்று.)

எனக்கு இவற்றினும் நுட்பமாகத் தோன்றுவது வேறோரிடம். தந்தையின் கால் தாளம் தவறும்போதெல்லாம் மகனின் காது அவருடைய இடைவாரின் கொக்கியில் உராய்கிறது. கொக்கி காதை உராய்ந்தது என்று கவிஞர் எழுதவில்லை, காதையே எழுவாயாக்கினார். இலக்கணப்படி, வலித்த உறுப்பே வினைமுதல்! எனினும், தவறிய கால் தந்தையுடையது என்பதைச் சொல்லாமலும் விடவில்லை. குற்றத்தைச் சொல்லிக்கொண்டே குற்றவாளியைக் காக்கும் இவ்வாக்கியம், தந்தையை நேசிக்கும் பிள்ளையின் பேச்சு.

ரெட்கியின் தந்தை மிச்சிகன் மாநிலத்துச் சாகினா நகரில் கண்ணாடிக் குடில்களில் பூச்செடி வளர்த்துத் தொழில் நடத்தியவர். கவிதையில் வரும் அழுக்கேறிய உள்ளங்கையில் அவ்வுழைப்பின் மண்ணைக் காணலாம். அவர் 1923இல் மறைந்தபோது கவிஞருக்கு வயது 14. கவிதையோ தந்தையை முன்னிலையில் விளித்தே பேசுகிறது. மறுமொழி கூற இயலாதவரிடம் பேசும் மகன் வழக்குத் தொடுக்கவுமில்லை, தள்ளுபடி செய்யவுமில்லை.

வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர் யாது செய்வது? “களிப்பே” என்று முடித்துவிட்டால், பின்வரிசையில் தன் வீட்டை எண்ணி அமர்ந்திருக்கும் ஒரு மாணவனின் அச்சத்தைப் பொய்யென்று கூறியவராவார். “கொடுமையே” என்றால், உழைத்த கையோடு பிள்ளையைச் சேர்த்து ஆடிய ஒருவரை ஓர் இரவின் சான்றைக் கொண்டு தண்டித்தவராவார். “இரண்டுந்தான்” என்று நழுவுவது எளிது. அதுவும் எனக்கு உடன்பாடன்று. காது உராய்ந்ததில் இருபொருள் இல்லை. ஐயத்திற்குரியது தந்தையின் உள்ளமே, பிள்ளையின் வலியன்று. இவ்விரண்டையும் ஒரே ஐயத்திற்குள் போட்டுக் குழப்புவதே இக்கவிதை பற்றிய வாதங்களின் பெருங்குறை.

ஆதலின், வினாவைத் தந்தையிலிருந்து தொடங்காமல் தாயிலிருந்து தொடங்கலாம் என்பேன். அவள் முகஞ்சுளித்தாள், தடுக்கவில்லை. சரிந்த பாத்திரங்களுக்காகச் சுளித்தாளா, மகனுக்காகவா? சிரிப்பை அடக்கினாளா, அச்சத்தால் அடங்கினாளா? அந்தச் சமையலறையில் மது அருந்தாத, வயது வந்த சாட்சியாகத் தோன்றுபவள் அவள் ஒருத்தியே. அவளும் வாய் திறக்கவில்லை.