கை ஓய்ந்த பின் வரும் கருணை

தென் அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில், செயிண்ட் ஹெலினா என்றொரு சிறு தீவு உள்ளது. பரப்பளவு சுமார் 122 சதுர கிலோமீட்டர்தான். ஐரோப்பாவையே ஆட்டிப் படைத்த நெப்போலியன் சக்கரவர்த்தி, வாட்டர்லூ போரில் தோற்றுச் சரணடைந்தபின், 1815 அக்டோபரில் ஆங்கிலேயர் அவரைக் கொண்டுபோய்ச் சிறை வைத்த இடம் அதுவே.

அவருக்கென ஒதுக்கிய லாங்வுட் இல்லம் அப்போது செப்பனிடப்படவில்லை. ஆகவே முதல் இரண்டு மாத காலம் பிரையர்ஸ் என்னும் தோட்டத்தில், பால்கோம் என்ற ஆங்கிலேயர் குடும்பத்தின் விருந்தினராகத் தங்கினார். அத்தோட்டத்தைப் பார்த்து வந்தவர் டோபி என்ற முதியவர். அவர் ஓர் அடிமை, அதுவும் மலாய்க்காரர்! பல்லாண்டுகளுக்கு முன் ஆங்கிலக் கப்பல்காரர்கள் அவரை வஞ்சித்துக் கொண்டுவந்து இத்தீவிலே விற்றுவிட்டதாக, நெப்போலியனுடன் சென்ற லாஸ் காஸ் எழுதி வைத்திருக்கிறார்.

டோபியின் கதையைக் கேட்ட நெப்போலியன் மனம் இரங்கினார். விலை கொடுத்து அவரை மீட்டுச் சொந்த நாட்டுக்கு அனுப்ப விரும்பினார். தீவின் அதிகாரிகள் இடங்கொடுக்கவில்லை. டோபி அடிமையாகவே இருந்தார்.

உள்ளத்தைத் தொடும் செய்திதான். ஆனால் சரித்திரத்தின் மற்றோர் ஏட்டையும் நாம் புரட்ட வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 1794-ல் ஒழித்த அடிமை முறைக்கு 1802-ல் மறுபடியும் உயிர் கொடுத்தவர் யார்? இதே நெப்போலியன்! இன்று ஹைத்தி எனப்படும் நாட்டின் கறுப்பின மக்களுக்குத் தலைமை தாங்கிய துசேன் லூவர்தூரைக் கைதுசெய்யச் செய்து, விசாரணையின்றிப் பிரான்சின் குளிர் மலைக் கோட்டையொன்றில் அடைத்தவரும் அவரே. துசேன் 1803 ஏப்ரலில் அங்கேயே மாண்டார். 1815-ல் நெப்போலியன் அடிமை வாணிபத்தைத் தடை செய்தார் என்பது மெய். எனினும் அடிமைகளின் விலங்கு அறுபடவில்லை.

ஒரு கையெழுத்தால் பல்லாயிரவரை விடுவித்திருக்கக் கூடியவர், அன்று அதைச் செய்யவில்லை. ஒருவரை விடுவிக்க விரும்பிய நாளிலோ, அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

அப்படியானால் அவருடைய இரக்கம் போலியா? அப்படிச் சொல்வது நியாயமாகாது. தன் கால் கட்டுண்ட பிறகுதான் பிறர் கால் விலங்கு பலருக்குக் கண்ணில் படுகிறது. அவ்விரக்கம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் டோபிக்கு அதனால் விளைந்த பயன் என்ன? காலம் கடந்து வந்த கருணை, கருணை கொண்டவரின் நெஞ்சுக்கு ஆறுதல் தரலாம். துன்பப்பட்டவரின் துயரைத் துடைப்பதில்லை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நெப்போலியன் அறவே வெறுத்த தீவின் ஆளுநர் ஹட்சன் லோ, பேரும் புகழும் பெற்றவரல்லர். ஆயினும் 1818 கிறிஸ்துமஸ் தினம் முதல் அத்தீவில் அடிமைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர்களே என்ற ஏற்பாடு அவர் காலத்தில்தான் வந்தது. சிறிய அதிகாரம், ஆனால் இருக்கும்போதே பயன்பட்ட அதிகாரம்.

நெப்போலியன் 1821 மே 5-ல் அத்தீவிலேயே கண் மூடினார். நாம் சக்கரவர்த்திகள் அல்லர். ஆனால் கடையில் முதலாளியாக, வீட்டில் தந்தையாக, சங்கத்தில் நிர்வாகியாக ஏதோ ஓர் அதிகாரம் நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. அது என்றும் நிலைப்பதன்று. நம் சொல் செல்லும் காலத்தில் நமக்குக் கீழே இருப்பவருக்கு என்ன செய்தோம்? அதுவே கேள்வி. அதற்கான விடையை இன்றே தேடுவோமாக!