துரத்தப்படுவோனின் குற்றம்: ஒரு புதினமும் இரு திரைப்படங்களும்

தீயவனால் துரத்தப்படுவோன் குற்றமற்றவனாக இருந்தால்தான் நம் பரிவுக்கு உரியவனாவானா? ஜான் டி. மெக்டொனால்டின் 'தி எக்ஸிகியூஷனர்ஸ்' (1957) என்னும் புதினம் 'கேப் ஃபியர்' என்ற பெயரில் 1962இலும் 1991இலும் திரைப்படமாயிற்று. புதினத்திலும் முதற்படத்திலும் வழக்கறிஞர் சாம் போடன், மேக்ஸ் கேடியின் கொடுஞ்செயலை நேரிற்கண்டு சான்றுரைத்தவர். மார்ட்டின் ஸ்கார்செசியின் மறுஆக்கத்திலோ அவர் கேடிக்காகவே வாதாடியவர். பாதிக்கப்பட்ட பெண்ணின் முந்தைய வாழ்க்கை பற்றிய, கேடிக்குச் சாதகமாகக்கூடிய அறிக்கையொன்றை மறைத்தவர்.

இதனை வெறும் திரைக்கதை உத்தியெனத் தள்ளிவிட இயலாது. அப்பெண்ணின் வாழ்க்கை எத்தகையதாயினும் அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை கொடுமையே. ஆதலின் மறைத்தது சரியே என மனம் சொல்லும். ஆயினும் தம் கட்சிக்காரனை வெறுக்கும் வழக்கறிஞர் தாமே நீதிபதியாகிவிடின், அவனுக்காகப் பேச எவர் எஞ்சுவர்? கேடி கொடியவன், அவனது முறையீடு பொய்யன்று. இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்க நேர்வதே மறுஆக்கத்தின் உண்மையான அச்சம் எனலாம்.

முடிவுகளும் நோக்கத்தக்கன. புதினத்தில் போடனின் குண்டுபட்டுக் கேடி இறக்கிறான். 1962இல் கிரிகரி பெக் ஏற்ற போடன், காயமுற்றுக் கிடப்பவனைக் கொல்லாது சட்டத்திடம் விடுகிறார். 1991இல் போடன் கொல்லவே கல்லை ஓங்குகிறார், ஆற்றுவெள்ளம் முந்திக்கொள்கிறது. அப்படத்தில் கேடிக்காக வாதாடும் வழக்கறிஞராக வருபவரும் பெக்கே.