நோய்க் கந்தையும் தம்மமும்



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமத்தாராகிய நமக்குத் தறியொலி புதிதன்று. பாலராமபுரம் அருகிலேயே உள்ளது. அங்கு நெய்யும் அன்பர் ஒருவர் எம்மை வினவினார்: "கொள்ளைநோய்களின் வரலாற்றைத் துணியிற் சித்திரிக்கலாமா? பிறர் துன்பத்தை அழகு செய்வது பாவமன்றோ?"

விநயபிடகத்தை நோக்குவோம். ஆதிப் பிக்குகள் குப்பையிலும் சுடுகாட்டிலும் எறியப்பட்ட கந்தைகளைப் பொறுக்கிக் கழுவித் தைத்து உடுத்தனர், அதுவே பாம்சுகூலம். மகத நாட்டு வயல்வரப்புகளைப் போல் சீவரம் அமைக்கும்படி பகவன் பணிக்க, ஆனந்தர் அமைத்தார். சாவு தீண்டிய துணியும் இவ்வாறு அழகும் பயனும் பெற்றது.

1987 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், எய்ட்ஸ் நோயால் மாண்டோரின் பெயர் தாங்கிய 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் 3 அடிக்கு 6 அடி, ஒரு புதைகுழியின் அளவு. அந்நோயின் பெயரைச் சொல்லவும் பலர் கூசிய காலம் அது.

2020இல் கொரோனா பரவியபோது, கேரளத்தில் லட்சுமி மேனன் என்னும் அம்மையார், பாதுகாப்பு உடை தைக்கையில் கழிந்த துண்டுகளைச் சடையாகப் பின்னி மெத்தையாக்கும் வழி காட்டினார். 'சய்யா' என்பது அதன் பெயர். நோயாளிக்குப் படுக்கையும் பெண்டிருக்குக் கூலியும் கிடைத்தன. ஆலையில் கழிவுப் பஞ்சு கூட்டிய எமக்கு இச்செய்தி பெரிதும் இனித்தது.

தம் கழிவிலேயே கிடந்த நோயுற்ற பிக்குவைப் பகவன் தம் கையால் நீராட்டினார். ஆகவே நெய்க, அன்பரே! பிணம் சுமந்தும் தெருக் கூட்டியும் பெயரின்றி மறைந்த நம்மவரை முதலில் நெய்க. விற்ற பணத்தில் ஒரு பங்கு நோயாளியின் பாயைச் சேரட்டும்.