மூன்று விரல் தூரம்

தேயிலைக் கொழுந்து கிள்ளுவது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் வேலை. அதனால் தோட்டத்து ஆட்களின் கைவலி அந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே உள்ள சதையில் வந்து தங்கும். கிள்ளுவது போய்க் கத்தரி வந்தது. அதன் பிடியும் அந்தச் சதையைத்தான் அழுத்தியது. இப்போது மலேசியாவின் கேமரன் மலைச் சரிவுகளில், ஆளுக்கொரு முனை பிடித்து இருவர் நடக்கும் இயந்திரம் இரைகிறது. பிடித்து நடப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். 1929இல் ரசல் என்பவர் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் முன்பு அந்த இடத்தில் தமிழர் கைகள் இருந்தன.

சீனர்களின் அக்குபிரஷர் படத்திலும் அந்தச் சதையில் ஒரு புள்ளி உண்டு. ஹெகு என்பார்கள். தலைவலிக்கு அங்கே அழுத்தச் சொல்வார்கள். லயத்துப் பெண்கள் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வேலை விட்டு வந்து படியில் உட்கார்ந்ததும், ஒரு கையின் கட்டைவிரல் மறு கையின் அந்தச் சதைக்குத் தானாகப் போய்விடும்.

*

வீட்டில் யாரும் இதைச் சிகிச்சை என்று சொன்னதில்லை. "கொஞ்சம் அமுக்கிவிடு" என்பார்கள், அவ்வளவுதான்.

"இங்கயா பாட்டி?"

"இன்னும் கொஞ்சம் கீழடா. ஆங், அங்கதான். அப்படியே இரு, கைய எடுக்காத."

சுளுக்கு வழிப்பது வேறு. அதற்குக் கைதேர்ந்த ஒருவர் வேண்டும். எலும்பும் நரம்பும் தெரிந்திருக்க வேண்டும். அமுக்கிவிடுவதற்கு ஒரு கட்டைவிரலும் கொஞ்சம் பொறுமையும் போதும். கோடாலித் தைலம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. என் அக்கறையெல்லாம் இந்தச் சின்ன வேலையில்தான்.

*

அக்குபிரஷரில் எனக்குப் பிடித்தது அதன் அளவுகோல். புள்ளி எங்கே என்பதைச் சென்டிமீட்டரில் சொல்வதில்லை. யாருடைய உடம்போ அவருடைய கட்டைவிரல் அகலம் ஓர் அளவு. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் அதைப்போல் மூன்று. பாட்டியின் முழங்காலுக்குப் பேரனின் விரலால் அளந்தால் கணக்குத் தப்பிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 361 புள்ளிகளின் இடங்களை வரையறுத்து 2008இல் நூலாக வெளியிட்டபோதும் இந்த உடம்பளவைக் கைவிடவில்லை.

நமக்கும் இது பழக்கமானதுதான். எண்சாண் உடம்பு என்பது அவரவர் கையால் எட்டுச் சாண். சித்த மருத்துவத்தில் மணிக்கடை நூல் பார்ப்பவர், மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே நூலைச் சுற்றி எடுத்து, அதை நோயாளியின் விரலாலேயே அளக்கிறார். குழந்தையென்றால் குழந்தையின் விரல். இந்த மரியாதை பெரிய மருத்துவமனைகளின் இயந்திரங்களுக்கு எப்போதும் வாய்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

361ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வீட்டுக்கு மூன்று போதும். முதலாவது, முன்பு சொன்ன ஹெகு.

*

கேமரன் மலைக்குப் போக, தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் சாலையில் வளைவு முடிந்த இடத்தில் அடுத்த வளைவு தொடங்கும். லாத்தா இஸ்கண்டார் அருவி வருவதற்குள் ஏதாவது ஒரு பிள்ளை பிளாஸ்டிக் பை கேட்டுவிடும்.

அந்தக் குமட்டலுக்கு இரண்டாவது புள்ளியைச் சொல்கிறார்கள். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து பிள்ளையின் விரலால் மூன்று விரல் தூரம் முழங்கைப் பக்கம் வந்தால், இரண்டு தசைநார்களுக்கு நடுவே ஒரு பள்ளம். நெய்குவான். மருத்துவ உலகம் அதிகம் சோதித்த புள்ளிகளில் இதுவும் ஒன்று. அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குமட்டல், வாந்தி பற்றிய 59 ஆய்வுகளை, 7,667 பேரின் விவரங்களை, 2015இல் கொக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. இந்தப் புள்ளி தூண்டப்பட்டவர்களுக்கு வாந்தி குறைந்திருந்தது; ஆனால் சான்றுகளின் தரம் உயர்வாக இல்லை என்றும் அவர்களே எழுதிவைத்தார்கள். பஸ் வாந்திக்கு அந்த அளவு உறுதியும் கிடையாது. இருந்தாலும் பிள்ளையின் கையைப் பிடித்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லி, மூச்சை மெல்ல விடச் சொல்வதில் நட்டமென்ன?

*

நம்புகிறவர்கள் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வையும் படிக்க வேண்டும். 2007இல் வெளியானது. நாட்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1,162 பேர். சரியான புள்ளிகளில் அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 48 பேர் தேறினார்கள். புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்திக்கொண்டவர்களில் 44 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேர்தான். ஊசிக்கு வந்த கணக்கு இது. விரலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புள்ளி ஒரு விரற்கடை தள்ளிப் போனதற்காகப் பதற வேண்டாம் என்ற தைரியம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

அமுக்கினால் வலி ஏன் குறைகிறது? தொடுதலைச் சுமந்து வரும் நரம்புகள், தண்டுவடத்திலேயே வலியின் சேதியைத் தணித்துவிடுகின்றன என்று மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் 1965இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். அதில் சில பகுதிகள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது. இடித்துக்கொண்ட முழங்காலை யாரும் சொல்லித்தராமலே தேய்த்துக்கொள்கிறோம்.

*

கேமரன் மலையின் தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் விரல்கள் விறைத்திருக்கும். அந்த விரலோடு யாரையும் தொடக் கூடாது; தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே போதும். நகம் வெட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவது புள்ளி காலில். முழங்கால் சில்லின் கீழ்விளிம்பிலிருந்து நான்கு விரல் இறங்கி, முன்னெலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளி. சரிவில் ஏறி இறங்கிய கால் அங்கே தொட்டாலே பேசும். கட்டைவிரலை ஊன்றி, மூச்சை விடும்போது அழுத்தி, எடுக்கும்போது தளர்த்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடம். வலியும் சுகமும் கலந்து வரும் இடத்தோடு நிறுத்திவிடலாம். பல்லைக் கடிக்கும் அளவுக்குப் போவது வீம்பு. அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடாமல் இருந்தால், அமுக்குகிறவருக்கும் அது ஓய்வு.

*

தொடக் கூடாத இடங்களும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு ஹெகுவையும், உட்புறக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலுள்ள புள்ளியையும் அழுத்துவதில்லை என்பது பழைய வழக்கம். அதை மீற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் பிடித்துவிடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர்கள் பூங்காக்களில் போட்டிருக்கும் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பாதம் மரத்திருந்தால் காயம் பட்டதே தெரியாது.

நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி தோளுக்கோ தாடைக்கோ போனால் புள்ளி தேடாதீர்கள். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அவசர எண் 999.