காரில் தனித்திருக்கும் துப்பாக்கி

பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் பாலத்தின் மேல் காரை ஏற்றினால் சில நிமிடங்களில் டெலாவேர் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சியில் இறங்கிவிடலாம். காரில் எட்டும் தொலைவில் கைத்துப்பாக்கி இருந்தால், பென்சில்வேனியா உரிமத்தோடு பாலம் ஏறியவர் மறுகரையில் குற்றவாளியாக இறங்குவார். அந்த உரிமத்தை நியூஜெர்சி ஏற்பதில்லை. 2013-இல் இப்படி நியூஜெர்சிக்குள் வந்த, பிள்ளைகள் உள்ள ஒரு தாய், வழியில் காரை நிறுத்திய காவலரிடம் துப்பாக்கி வைத்திருப்பதைத் தாமாகவே சொன்னார். உண்மை பேசியதற்குக் கிடைத்தது கைது. மூன்றரை ஆண்டுச் சிறை அச்சுறுத்திய அந்த வழக்கு ஒருவழியாகத் தளர்ந்து, 2015-இல் நியூஜெர்சி ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

மாநிலம் விட்டு மாநிலம் போகிறவர்களுக்காக 1986-இல் கூட்டாட்சிச் சட்டம் ஒரு வழி வகுத்தது. தோட்டாவை நீக்கி, டிக்கியில் வைத்துக் கடந்து போகலாம். டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டி வேண்டும். டாஷ்போர்டு அறையைப் பூட்டிவைத்தாலும் செல்லாது. டெக்சாஸோ நியூஜெர்சிக்கு நேர் எதிர். 2007-இலிருந்தே அங்கே சொந்தக் காரில், உரிமம் இல்லாதவரும் கைத்துப்பாக்கியை மறைவாக வைத்துக்கொள்ள முடிகிறது.

டெக்சாஸின் நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் இரவில் தனியே ஓட்டிச் செல்லும் பெண்ணுக்குக் காவல் நிலையம் பல மைல் தள்ளி இருக்கலாம். வீட்டுக்குள் தற்காப்பு உரிமை உண்டென்றால், நான்கு சக்கரத்தில் நகரும் அந்தச் சிறு அறைக்குள் மட்டும் ஏன் இல்லை? உயிருக்கு ஆபத்து வரும்போது கைக்கு எட்டாத துப்பாக்கியால் என்ன பயன்?

அதே கேள்வியை, காரை நிறுத்திய பிறகும் கேட்க வேண்டும். பள்ளிக்குள்ளும் நீதிமன்றத்துக்குள்ளும் துப்பாக்கிக்கு இடமில்லை. ஆகவே வாசலில் காரை நிறுத்துபவர் துப்பாக்கியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்குகிறார். அந்தக் கணத்தில் அது யாரையும் காக்கவில்லை. கண்ணாடியை உடைக்க ஒரு கல் போதும். அமெரிக்காவில் திருட்டுத் துப்பாக்கிகள் கிளம்பும் முக்கிய இடங்களில் ஒன்று நிறுத்தி வைத்த கார்தான். தன் உயிரைக் காக்க ஒருவர் வாங்கிய ஆயுதம், முகம் தெரியாத இன்னொருவரின் உயிருக்கு எமனாகிறது.

திருடியவன்தானே குற்றவாளி என்பார்கள். குற்றம் அவனுடையதுதான். ஆனால் திறந்த கிணற்றுக்கு மூடி போடாதவருக்கு, அதில் விழுந்த குழந்தையின் சாவில் பங்கே இல்லையா? தற்காப்பு உரிமை உடலைப் பற்றியது. உடல் இறங்கிப் போன பின் காரில் மிஞ்சுவது பொறுப்பு மட்டுமே. கொலராடோ இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: 2025 ஜனவரி முதல், ஆளில்லாத வண்டியில் விட்டுச்செல்லும் கைத்துப்பாக்கி கண்ணில் படாதபடி, பூட்டிய கெட்டிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், வண்டியும் பூட்டியிருக்க வேண்டும்.

சட்டம் ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. இந்தப் பொறுப்புக்கு அப்படி எல்லை கிடையாது. டெக்சாஸில் பெட்டி வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாவிட்டாலும், காரை விட்டு இறங்குமுன் துப்பாக்கியைப் பூட்டிவைக்க முடியாதவர், அன்றைக்கு அதை வீட்டிலேயே பூட்டிவைத்துவிட்டுக் கிளம்புவதே முறை.