இரண்டாம் அம்பு

நோய் நீங்கிய பின்னும் நோயுற்றவருக்கு நாம் ஆற்றவேண்டிய கடன் உண்டோ?

ஐதராபாத்து ரெட்ஹில்ஸ் பகுதியில் 1955இல் தோன்றிய எம்.என்.ஜே. புற்றுநோய் மருத்துவமனைக்குப் பல மாவட்டத்து ஏழை மக்களும் வருகின்றனர். சிகிச்சை முடிந்து வீடு திரும்புங்கால் உற்றார் மகிழ்கின்றனர். மீண்டவருள் பலருக்கோ, சிறு இருமல் வரினும் நெஞ்சு நடுங்குகின்றது. தாமே புற்றுநோயினின்று மீண்ட அமெரிக்க மருத்துவர் பிட்ஸ்ஹியூ முல்லன், 1985இல் இவ்வச்சக் காலத்தைத் தனியொரு பருவமாகவே வகுத்துரைத்தார்.

உடற்றுன்பம் ஓர் அம்பு; அதுபற்றி மனம் படுந் துன்பம் இரண்டாம் அம்பு என்றார் பகவர். முதலம்பை மருத்துவர் பறித்தார். மற்றதைப் பறிப்பவர் யார்?

பஞ்சாலையில் உழைத்த நாம் போதகம் செய்யப் புகுந்த தொடக்கத்தில், மார்பகம் இழந்து மீண்ட ஓர் அம்மையிடம், "முன்வினை தாயே, மறந்துவிடுங்கள்" என்றோம். அவர் அழுகை நின்றது; பேச்சும் நின்றது. ஆறுதலென்றெண்ணி மூன்றாம் அம்பை எய்தோம்! பித்தம், வாதம், பருவமாற்றம் முதலியனவும் துன்பத்துக்குக் காரணமாம். யாவும் முன்வினையே என்பது பிழையென மோலிய சீவகருக்குப் பகவர் உரைத்ததை நாம் பின்னரே கற்றோம்.

"மனத்து அம்பை அவரவரே பறிக்கவேண்டும், பிறர் செய்வதென்ன?" என்பர் சிலர். பறிப்பவர் அவரே, ஆயினும் தைத்த இடத்தைச் சொல்லிக் காட்ட ஒரு செவி வேண்டாவோ?

ஆதலின், சிகிச்சை முடிந்தவர் இல்லத்துக்குச் செல்லுங்கள். மறக்கச் சொல்லாதீர்கள்; பேசவிட்டுக் கேளுங்கள். அச்சம் உணவையும் உறக்கத்தையும் கெடுக்குமாயின், மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்பதும் தானமே.